மூச்சுத் துளை

நோர்வூட் பாலம் தாண்டி இடப்பக்கம் என் கராஜ்.
போர்டு கிடையாது.
பழைய டயர் ஒன்று தொங்கும்,
அதற்குள் எப்போதும் தண்ணீர்.

செவ்வாய்க்கிழமை அனஸ்தாசியா டீச்சர் வந்தார்.
பைக்கிலிருந்து இறங்காமலே சொன்னார்:
"மறுபடியும் உரியுது."

செயின் இல்லாத பைக்.
எஞ்சினிலிருந்து பின்சில்லுக்கு
குழாய்க்குள்ளே ஒரு தண்டு ஓடும்.
அது போய்ச் சேரும் இடத்தில்
பல்சக்கரங்களுக்கு ஓர் அலுமினியக் கூடு.
டிக்கோயாவிலிருந்து மஸ்கெலியா வரைக்கும்
இன்னொருவரிடம் இப்படியொன்று நான் பார்த்ததில்லை.

அந்தக் கூட்டில்தான் வியாதி.
நகம் பட்டால் போதும்,
அவித்த உருளைக்கிழங்குத் தோலாகக்
கறுப்பு கழன்று வரும்.

ஐந்து வருடத்தில் மூன்று பூச்சு.
உரிந்து வந்த இரண்டு தடவையும்
ஒரே பதில் வைத்திருந்தேன்:
"பனி, டீச்சர். இந்த ஊர்ப் பனியில் எது நிற்கும்?"
முதல் தடவை தலையாட்டினார்.
அடுத்த தடவை பேசாமல் காசை எண்ணித் தந்தார்.
இந்தத் தடவை ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"டேங்கிலும் பனி பெய்யுது.
மட்கார்டிலும் பெய்யுது.
இந்த ஒரு சாண் இடத்தோட மட்டும் அதுக்கு என்ன கோபம்?"

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர்.
விடையை மட்டும் எழுதினால் புள்ளி போடமாட்டாராம்.
வழியும் வேண்டும்.

அவர் பஸ்ஸில் போனார்.
நான் கூட்டைக் கழற்றினேன்.
கோஸ்டிக் சோடா அலுமினியத்தையே தின்றுவிடும்;
ரிமூவரைத் தடவி
தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளால் மூடிவிட்டு
ஒரு பிளேன்டீ குடித்தேன்.

திறந்தால்
மேலே என் கறுப்பு.
அதற்குக் கீழே என் கறுப்பு.
அதற்கும் கீழே நான்தான், கொஞ்சம் மலிவான டப்பா.
எல்லாவற்றுக்கும் அடியில்
கம்பனிக்காரன் பூசிய சாம்பல்,
ஒட்டினது ஒட்டினபடி.

இடையில் விரல் வழுக்கியது.
முகர்ந்தேன்.
பூண்டும் கெட்ட முட்டையும் கலந்த கியர் ஒயில்.
பனிக்கு அந்த வாசம் கிடையாது.

டோர்ச் அடித்துத் தேடினேன்.
கூட்டின் உச்சியில்
ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருந்திருக்க வேண்டும்.
இருந்த இடம் வழவழப்பாக இருந்தது.
யாரோ நல்ல வேலைக்காரன் என்றுதான் முதலில் தோன்றியது.

ஓடினால் கூடு சூடாகும்.
சூடானால் உள்ளே காற்று பெருக்கும்.
செய்தவன் அதற்கொரு வாசல் வைத்திருந்தான்.
நான் அழகாகப் பூசி அடைத்தேன்.
காற்று சீலைத் தள்ள,
சீல் எண்ணெயை விட,
எண்ணெய் என் பெயின்டுக்கு அடியில் போய்ப் படுக்க,
குளிருமே என்று
மேலே இன்னொரு போர்வை போர்த்தியிருக்கிறேன்.

சேஃப்டி பின்னை நிமிர்த்திக் குத்தினேன்.
சத்தம் ஏதும் வரவில்லை.
ஏனோ வருமென்று நினைத்திருந்தேன்.

பிறகு வேலை.
ஹட்டனில் ஒரு சீல், ட்ரக்டருக்கு உள்ளது, அளவு சரி.
தின்னரில் துடைத்த வெள்ளைத் துணி
ஏழாவது தடவைதான் வெள்ளையாகவே திரும்பியது.
துளையில் ஒரு தீக்குச்சியைச் செருகிவிட்டு
பிரைமர் அடித்தேன், கறுப்பு அடித்தேன்.

காயவில்லை.
ஜூலை மழை; சுவரே வேர்த்தது.
இப்போது பனியைக் குற்றம் சொல்லலாம்,
ஆனால் வாய் வரவில்லை.
மாச்சாக்கில் சுற்றிக்கொண்டு ஜிப்ரி நானாவின் பேக்கரிக்குப் போனேன்.
"பாண்ல பெயின்ட் வாசம் வந்தா
உன்னையும் சேர்த்துப் போட்டுருவேன்" என்றார்,
இருந்தும் போறணையின் முதுகில் இடம் தந்தார்.
இரண்டு இரவு.

சனிக்கிழமை டீச்சர் குனிந்து பார்த்தார்.
நகத்தால் சுரண்டினார். வரவில்லை.
"பனி இல்லை, டீச்சர்" என்று ஆரம்பித்து
துளையைக் காட்டினேன்,
தீக்குச்சியைக் காட்டினேன்,
மூன்று பூச்சையும் யார் பூசியது என்று சொன்னேன்.
மழை தகரத்தில் கொட்டியதால்
கடைசி வரியைச் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது.
பக்கத்துக் கடைக்காரனுக்கும் கேட்டிருக்கும்.

பில்லைப் பார்த்தார்.
சீலுக்கு மட்டும் காசு போட்டிருந்தேன்.
பேனா எடுத்து அதில் சின்னதாக ஒரு சரி போட்டார்.

கிளம்பும்போது மூக்கைச் சுருக்கி,
"இதென்ன, பணிஸ் வாசம் வருது?"

அது வேற கணக்கு, டீச்சர்.